மூன்றாவது தட்டு, முப்பதாவது தட்டு

போகோங் மலைச் சரிவின் ஓரத்தில் இடுப்பளவு குழி வெட்டி, அதன் சுவரில் செதுக்கி நிறுத்திய பனித்தூணின் தலையில் மண்வெட்டியை வைத்து உள்ளங்கையால் தட்டினார் வரதராஜா. ஒன்று, இரண்டு. மூன்றாவது தட்டில் தூணின் மேல்பாதி இழுத்த மேசை லாச்சி போல வழுக்கி வந்து காலடியில் விழுந்தது. உடைந்த இடத்தைத் தடவினார். பனி சீனியாக உதிர்ந்தது. இத்தனை குறைந்த தட்டில் தூண் விழுந்தால், ஆள் கால் வைத்ததுமே சரிவின் பனி முழுவதும் சரிந்து விழலாம்.

இருபதடி தள்ளி இன்னொரு குழி. அங்கும் அதே சீனிப் பனி அடுக்குதான். முப்பது தட்டுத் தட்டியும் தூண் அசையவில்லை. கை எரிந்ததுதான் மிச்சம்.

சரிவுக்கு அப்பால் நட்டிருக்கும் கம்பத்தில் பனியின் உயரத்தைப் பார்த்து எழுதி, மெல்பேர்ண் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கடக்கலாமா என்று சொல்வது வரதராஜாவின் பொறுப்பு. இந்த எழுபத்தேழாம் ஆண்டிலேயே, போன மாதம் ஜூலையில், வேண்டாமென்று திரும்பினார். சரிவோ இந்த ஆகஸ்ட் வரை விழவில்லை. யாழ்ப்பாணத்தானுக்குப் பனியைக் கண்டால் நடுக்கம் என்று அலுவலகமே சிரித்தது.

“மூணும் முப்பதும் முப்பத்திமூணு. ஆவரேஜ் பதினாறரை. தாராளமாப் போலாம் சார்,” என்றான் சேஷாத்ரி. சென்னையிலிருந்து வந்து எட்டு மாதமான உதவிப் பொறியாளன். சறுக்குக் கட்டைகளைக் கழற்றாமலே நின்றான்.

“உம்மட காலுக்குக் கீழ ஆவரேஜ் இருக்காது ஐசே. மூண்டு இருக்கும், இல்லாட்டி முப்பது இருக்கும்.”

“எது சார் இருக்கும்?”

“அது தெரிஞ்சா நான் ஏன் கிண்டிக்கொண்டு நிக்கிறன்?”

மூன்றாவது குழி வெட்டலாம். அது பன்னிரண்டு என்று சொன்னால்? கணக்கை ஒழுங்காகப் போட்டால் விடை வந்தே தீரும் என்று இத்தனை வயது வரை நம்பியிருந்தவருக்கு, இரண்டு விடையும் சரியாக இருப்பதைக் கண்டு தலை சுற்றியது.

“நான் மட்டும் போறேன். அஞ்சே நிமிஷம்.” சேஷாத்ரி ஒரு கட்டையைச் சரிவில் வைத்தான். அவன் பையின் வாரைத் தன் கை எப்போது பிடித்தது என்று வரதராஜாவுக்கே தெரியவில்லை.

“நில்லும்.”

“காரணம் சொல்லுங்க சார். ஆபீஸ்ல கேட்பாங்க.”

“தெரியேல்ல. அதுதான் காரணம். எழுதும்.”

சேஷாத்ரி எழுதவில்லை. காலைப் பின்னுக்கு எடுத்தான். இருவரும் இறங்கினார்கள்.

மரங்கள் தொடங்கும் இடத்தில் வரதராஜா திரும்பிப் பார்த்தார். வெயிலில் சரிவு ஒரு கீறலும் இல்லாமல் மினுங்கியது. விழு, இப்ப விழு என்று உள்ளுக்குள் யாரோ கெஞ்சுவது கேட்டுத் திடுக்கிட்டார். முன்னே போன சேஷாத்ரியும் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான்.