முக்காலியில் வைத்த கோப்பை

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இர்பித் என்ற எங்கள் அரபு நகரில், ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பக்கமாக ஒரு வீட்டுக்குப் பெண் கேட்டுப் போன நாற்பது ஆண்களில் நானும் ஒருவன். பெண்ணின் அண்ணன் முன்திர், காப்பிக் கோப்பையை வாங்கி, குடிக்காமல் முக்காலியில் வைத்ததைப் பார்த்தேன். எல்லாரையும்போலத் தவறாகப் புரிந்துகொண்டேன். மூன்று மாதம் கழித்து அவனே சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘முன்திருக்கு இருமுனை மனநோய்.’ அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கினால் அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவனை நீங்கள் பார்க்கமாட்டீர்கள்.

இரண்டாவது: ‘போன வருடம் முன்திர் நாளுக்குப் பதினைந்து காப்பி குடித்தான், ஒன்பது நாள் தூங்கவில்லை, காரை விற்றுத் தெருவுக்கே விருந்து...’ இதையும் பாதியில் விட்டேன். விருந்து சாப்பிட்டவர்கள் அவனைக் கலகலப்பானவன் என்றார்கள். பிறகு ஐந்து வாரம் அவன் கட்டிலைவிட்டு இறங்காதபோது ஒருவரும் வரவில்லை.

மூன்றாவது, இது இருக்கட்டும்: நாங்கள் பெண் கேட்கப் போன அன்று, முன்திர் காப்பியையும் சர்க்கரையையும் விட்டு எழுபத்தொரு நாள் ஆகியிருந்தது.

3

(மாத்திரைதான் மருந்து. காப்பியையும் இனிப்பையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் தூக்கம் சீராகும், அது உதவலாம் என்று மட்டுமே தலைநகர் அம்மானில் அவனைப் பார்க்கும் மருத்துவர் சொன்னார். ஒரு கோப்பையால் நோய் திரும்பிவிடாது. முன்திருக்கும் அது தெரியும். பின் ஏன் பிடிவாதம் என்று கேட்டேன். “மாத்திரை அவர் குடுத்தது. இது ஒண்ணுதான் நானா செஞ்சது” என்றான்.)

அவன் அம்மா அவனுடைய டீயில் சர்க்கரையைக் கரைத்துவிட்டு, தெரியாமலிருக்கக் கரண்டியைக் கழுவி வைப்பாள்.

“வேணாம்னேன்லம்மா.”

“ஒரு கரண்டிதாண்டா. போன வருஷம் எப்படிச் சிரிச்சுப் பேசின. இப்ப துக்கம் கேக்க வந்தவன் மாதிரி உக்காந்திருக்க.”

4

அப்பா இல்லாத வீடு. பேச்சுவார்த்தையெல்லாம் பெரியப்பா அபூ தாமர் பொறுப்பு. மாப்பிள்ளை வீட்டார் நீட்டும் காப்பியைக் குடித்தாக வேண்டும் என்று முந்தின நாளே முன்திரை உட்கார வைத்துப் பேசினார்.

“சர்க்கரை வியாதின்னு சொல்லிடறேன் பெரியப்பா.”

“கசப்புக் காப்பில ஏதுடா சர்க்கரை? உதட்டுல வச்சிட்டு எடு. எவன் எட்டிப் பாக்கப் போறான்?”

(இங்கே அவனைத் தலையாட்ட வைத்தால் கதை சுமுகமாக முடியும். முயன்றேன். ஆட்டவில்லை.)

தங்கை ஹதீல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“ஒரு வாய்தாண்ணே. விஷயம் தெரிஞ்சா எனக்கும் அது வரும்பாங்க, பிள்ளைக்கும் வரும்பாங்க. அப்படியே எந்திரிச்சுப் போயிருவாங்க.”

அவனுக்காக நான்கு பதில்கள் எழுதினேன். நான்கிலும் அவன் உத்தமனாகத் தெரிந்தான். அழித்துவிட்டேன்.

5

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஹாஜி சுபைல், தனக்குத் தந்த கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுப் பெண் கேட்டார். “குடிங்க, பொண்ணு உங்களுது” என்றார் பெரியப்பா. குடித்தோம். பிறகு ஹாஜி தன் கையாலேயே ஒரு கோப்பையை முன்திரிடம் நீட்டினார். தகப்பன் இடத்தில் இருக்கும் அண்ணனுக்கு மரியாதை.

அவன் வாங்கி முக்காலியில் வைத்தான்.

எங்கள் ஊரில் கோப்பையைக் கீழே வைத்தவனுக்குக் கோரிக்கை இருக்கிறது என்று அர்த்தம்.

“கேளு தம்பி. நீ கேட்டதக் குடுத்துட்டுத்தான் எந்திரிப்போம்” என்றார் ஹாஜி.

“பொண்ணுக்கு நாம போடற நகை பத்தலையோ என்னமோ” என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்கதவின் இடுக்கில் ஹதீலின் ஒரு கண் தெரிந்தது.

6

முடிவு ஒன்று: எடுத்துக் குடித்தான். ஒன்றும் ஆகவில்லை. “பாத்தியா, எல்லாம் உன் மனப்பிரமை” என்று அம்மா மறுநாளிலிருந்து இரண்டு கரண்டி போட்டாள்.

இரண்டு: வாய்க்கு வந்தபடி நகை கேட்டான். கொடுத்தார்கள். ஹதீல் அந்த வீட்டுக்குப் பேராசைக்காரனின் தங்கையாகப் போனாள்.

மூன்று: உண்மையைச் சொன்னான். ஹாஜி எழுந்து வந்து அவனை

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. கட்டியணைத்தார் என்று எழுத ஆசைதான். அந்த நாற்பது பேரை எனக்குத் தெரியும். என்னையும் தெரியும்.)

நடந்தது எது என்று நான் அறிவேன். ஆனால் எழுதச் சம்மதித்தபோது முன்திர் சொன்னான்: “முடிவ மட்டும் எழுதாதீங்க. குடிச்சேன்னா நோயே இல்லம்பாங்க. குடிக்கலன்னா அதான் நோயிம்பாங்க.”

ஆகவே நிறுத்துகிறேன். ஹாஜி காத்திருக்கிறார், முன்திர் வாயைத் திறக்கிறான். அவன் ஏன் குடிக்கவில்லை, என்ன சொல்லக்கூடும் என்று அந்த அறைக்கு வந்திருப்பவர்களில் உங்களுக்கு மட்டும் தெரியும். பெண் கேட்டு வந்திருப்பது உங்கள் மகனுக்கு.