சுடலைக்கண்ணுவின் தகப்பனார்

இசக்கிசெல்விக்கும் அரசாங்க வேலைக்கும் நடுவில் எட்டே எட்டு வருஷம் குறுக்கே நின்றது. 1998இல் தேர்வு எழுதி, பட்டியலில் பெயரும் வந்துவிட்டது. இனி சாதிச் சான்று வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம் என்றால், 1950க்கு முன்பே இங்கே, மலையாள மண்ணில், குடியிருந்ததற்கு ஒரு காகிதமும் வேண்டும். அவளிடம் இருந்ததோ அப்பா சுடலைக்கண்ணுவின் தோட்ட அட்டை ஒன்றுதான். வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், மேல் லயம் என்கிற தொழிலாளர் வரிசையில் ஏழாம் நம்பர் வீடு, தகப்பன் பெயர் தாணு, வேலைக்குச் சேர்ந்தது 1958. அதற்கு முந்தைய ஏடுகளைக் கரையான் தின்று தீர்த்துவிட்டது. கரையானிடம் யாரும் சான்று கேட்பதில்லை.

“ரேகை வேணம். வெறுதே பறஞ்ஞால் போரா” என்றார் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. சும்மா வாயால் சொன்னால் போதாது, ஆவணம் வேண்டுமாம். சான்று கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

“அந்த லயத்துலதானே நான் பொறந்தேன்! நானே வந்து சொன்னா எடுக்க மாட்டாங்களா மக்களே?” என்று அப்பா மகளிடம் கேட்டார். எடுக்க மாட்டார்கள். ஆனால் அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் மலைத் தோட்டத் தமிழர்களுக்கென்றே ‘மலைநாட்டுத் தோழன்’ என்று ஒரு வாரப் பத்திரிகை கிழக்கேகோட்டையில் அச்சாகி வந்தது. எழுதத் தெரியாதவர்கள் கங்காணியிடம் சேதி சொல்லி அனுப்புவார்கள். அது அச்சாகி ஊருக்குப் போகும், அங்கே யாராவது படித்துக் காட்டுவார்கள். அவருடைய அம்மா உலகம்மாளும் சேதி அனுப்பியதுண்டு.

பத்திரிகை போட்டவர் வீட்டு மருமகள் வாலாம்பாள் அக்கிரகாரத்தில் இருந்தாள். பரண்மேல் அத்தனை வருஷத்து இதழ்களும் பைண்டு செய்து கிடந்தன. “கை அலம்பிண்டு தொடு. எச்சி தொட்டுப் புரட்டினயோ, அப்பறம் இந்தாத்துப் பக்கமே வரப்படாது, கேட்டயா” என்றுதான் வரவேற்பே நடந்தது.

பழவங்காடியில் தான் வேலை பார்த்த துணிக்கடைக்கு லீவு சொல்லிவிட்டு, செல்வி தாணுவைத் தேடினாள். இந்தப் பக்கத்தில் தாணுவுக்கா பஞ்சம்! திருமணமான தாணு, தொலைந்துபோன தாணு, மாடு விற்க வந்த தாணு என்று மூன்று நாளில் பதினான்கு பேர் கிடைத்தார்கள். ஒருவர்கூட மேல் லயத்துக்காரர் இல்லை. வியாழக்கிழமை மதியம் அவளுக்குக் கண் எரிந்தது, மனசு அதைவிட எரிந்தது. துணிக்கடையிலேயே கிழவியாகிவிடுவோம் என்று தோன்றிவிட்டது.

வாலாம்பாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். “இதெல்லாம் எங்க பிள்ளை மஹேஷோட அப்பா பைண்டு பண்ணி வெச்சது. இத்தனை வருஷத்துக்கப்பறம் நீதான் எடுத்துப் பாக்கறே.”

“மாமா பேரு என்ன மாமி?”

வாலாம்பாள் சுவரில் தொங்கிய படத்தைக் காட்டினாள். “கீழே எழுதியிருக்கு. நீயே படிச்சுக்கோ.”

செல்வி படத்தைப் பார்க்கவில்லை, தலையில் அடித்துக்கொண்டாள். அவளுடைய அம்மாவே இந்த முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அப்பாவின் பெயரை வாயால் சொன்னதில்லை. உலகம்மாள் மட்டும் கங்காணியிடம் போய்ப் புருஷன் பெயரை உரக்கச் சொல்லியிருப்பாளா? தேட வேண்டியது தாணுவை அல்ல, பிள்ளையை! அப்பா பிறந்தது 1940. அந்த வருஷத்துக் கட்டை இறக்கினாள், அதில் இல்லை. அடுத்ததை இறக்கினாள். 1941, நவம்பர்.

“மேல் லயம் ஏழாம் நம்பர் வீட்டு உலகம்மாள், களக்காட்டிலிருக்கும் தமையன் குற்றாலலிங்கத்துக்குத் தெரிவிப்பது. சுடலைக்கண்ணுவின் தகப்பனார் காய்ச்சலில் கிடந்து எழுந்துவிட்டார். சுடலைக்கண்ணுவுக்கு நாலு பல். நடக்கிறான். எங்களைக் கூப்பிட ஆள் அனுப்ப வேண்டாம். நாங்கள் இனித் திரும்பி வருவதாயில்லை. இதுதான் எங்கள் ஊர்.”

செல்வி விம்மி அழுதாள். “தள்ளி உக்காந்து அழு, பேப்பர் நனையறது” என்றாள் வாலாம்பாள். அவள் கண்ணும் சரியாக இல்லை.

மறுநாள் காலை அப்பாவையும் சேர்த்து மூவரும் ஆட்டோவில் தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். கட்டை வேறு யார் கையிலும் கொடுக்க வாலாம்பாளுக்கு மனசு வரவில்லை, தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். தாசில்தார் லீலாபாய் இதழின் தேதியைப் பார்த்தார், வீட்டு நம்பரை அட்டையோடு ஒத்துப் பார்த்தார், பிறகு நிமிர்ந்தார்.

“இதில் தாணு எவிடெ?”

“புருசன் பேரை எங்க ஆச்சி சொல்ல மாட்டாங்க மேடம். அதனாலதான் பிள்ளை பேரைச் சொல்லியிருக்காங்க.”

லீலாபாய் அந்த வரியை மறுபடி படித்தார். “என்றெ அம்மயும் அங்ஙனெயா” என்று சிரித்தார். அம்மாவும் அப்படித்தானாம். இதழின் நகலில் சீல் வைத்து, சான்றில் கையெழுத்தும் போட்டார்.

செல்விக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியே கூடத்தில் அந்தக் குமாஸ்தா தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். சுடலைக்கண்ணு நடுக்கூடத்தில் நின்றுவிட்டார். முந்தின ராத்திரி செல்வி எழுதிக்கொண்டுவந்து வீட்டில் பத்துத் தடவை வாசித்துக் காட்டிய சேதிதான்.

“எங்கம்மா சொன்னதை இன்னொருக்கா வாசி மக்களே. சத்தமா வாசி.”

செல்வி வாலாம்பாளிடமிருந்து கட்டை வாங்கிப் பிரித்தாள். இந்தத் தடவை மலையாளத்தில் சொன்னாள், ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி.