கிணற்றின் வலது பக்கம்

பிரேக்காரருக்குக் கவலை வந்தால் அலமாரியை அடுக்குவார். சிலர் நகத்தைக் கடிப்பார்கள், சிலர் பெண்டாட்டி மேல் எரிந்து விழுவார்கள். இவர் சத்தமில்லாமல் ஓர் அலமாரியைத் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் தரையில் கொட்டி, முதலிலிருந்து அடுக்க ஆரம்பித்துவிடுவார். அந்த வாரம் துணி அலமாரி முடிந்தது, புத்தக அலமாரி முடிந்தது, சமையலறை மேல்தட்டும் இடம் மாறியது. அதைப் பார்த்ததும் அவர் மனைவிக்குப் புரிந்துவிட்டது. மனிதர் சமையலறை வரைக்கும் வந்துவிட்டார் என்றால் விஷயம் கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

இருவருக்கும் ஒரே ரிக்கில், அதாவது எண்ணெய்க் கிணறு துளைக்கும் எந்திர மேடையில் வேலை. அவர் டிரில்லர். பூமிக்குள் இறங்கும் பைப்பைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் அவர் கையில் இருப்பதால் ரிக்கில் அவர் பெயரே பிரேக்காரர். அவள் இன்ஜினியர். பூமிக்குள் போகிற துளை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்வது அவள் வேலை. அதனால் அவள் திசையம்மா. "பிரேக் அவர் கையில, ஸ்டியரிங் அந்தம்மா கையில" என்று ரிக் ஆட்கள் கிண்டல் செய்வார்கள். வீட்டிலும் நடப்பு அதுதான் என்பதால் இரண்டு பேரும் அதை மறுத்ததில்லை.

கவலைக்குக் காரணம் ஒரு பழைய கிணறு. கிணறு என்றால் எட்டிப் பார்த்துத் தண்ணீர் இறைக்கிற கிணறு இல்லை. ஒரு பானை வாயளவுகூட அகலம் இல்லாத இரும்புக் குழாய், ஊர் விட்டு ஊர் போகிற தூரத்துக்குக் கீழே இறங்குகிறது. பாதி ஆழத்தில், குழாய் சாய்ந்து போகிற இடத்தில், அதன் பக்கச் சுவரில் ஓர் ஓட்டை போட்டு, அங்கிருந்து ஒரு கிளையைத் தனியாகத் துளைத்திருந்தார்கள். அந்த ஓட்டைக்கு ஜன்னல் என்று பெயர். பல வருஷம் எண்ணெய் கொடுத்த கிளை, இப்போது மணல் அடைத்து நின்றுவிட்டது. மறுபடி ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து மணலை வாரினால் போதும், எண்ணெய் வரும். நுழைய வேண்டும், அவ்வளவுதான். இருட்டில் ஊசியில் நூல் கோர்ப்பதும் அவ்வளவுதான்!

பைப்பின் நுனியில் வளைந்த மூக்கு ஒன்றைப் பொருத்தி, மூக்கை ஜன்னல் பக்கம் திருப்பி இறக்குவார்கள். மூக்கு சரியான பக்கம் இருந்தால் கிளைக்குள் நழுவிவிடும். தவறினால் நேராகத் தாய்க்கிணற்றில் இறங்கி, ஜன்னலுக்குக் கீழே முன்பே வைத்திருக்கும் அடைப்பில் போய் முட்டும். ஆகவே முட்டினால் தோல்வி, முட்டாமல் அந்த ஆழத்தைத் தாண்டினால் வெற்றி. இரண்டு தடவை இறக்கினார்கள். இரண்டு தடவையும் முட்டியது.

சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஜன்னல் விளிம்பில் இருப்பது பழைய சிமெண்ட். தட்டத் தட்ட உதிரும், உதிர்ந்தது ஜன்னலையே மூடிவிடும். "இன்னும் ஒரே தடவை. அதுக்கப்புறம் சிமெண்ட் ஊத்தி மூடிட்டுக் கிளம்புறோம்" என்று சொல்லிவிட்டார் கம்பெனிக்காரர். கம்பெனி சார்பில் ரிக்கில் உட்கார்ந்திருக்கும் மேலதிகாரி அவர். சொன்னதை மாற்றும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

கிளம்புவது என்றால் எங்கே? அதுதான் சமையலறை வரைக்கும் வந்த கவலை. இந்தக் கிளை திறந்தால், சுற்றியுள்ள பழைய கிணறுகளையும் இதே மாதிரி திறக்க ரிக் இங்கேயே ஒரு வருஷம் நிற்கும். திறக்காவிட்டால் ரிக்கின் ஆட்கள் கடலுக்குள் நிற்கும் இன்னொரு ரிக்குக்குப் போகிறார்கள், பிரேக்காரரும் போவார். மகளுக்கு இது பள்ளியின் கடைசி வருஷம் என்பதால் திசையம்மா அவளோடு இங்கேயே இருந்தாக வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பாதி நாள் அவர் ஒரு ரிக், இவள் ஒரு ரிக் என்று போனில்தான் குடும்பம் நடந்தது. இந்த வருஷம்தான் மூன்று பேரும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள். அந்த மேஜை போய்விடக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும்.

ஜன்னல் எந்த ஆழத்தில் என்பது ஆபீசில் இருந்தது. எந்தப் பக்கம் என்பது இல்லை. பழைய கோப்பு ஏதோ ஒரு மழையில் ஊறிப் போயிருந்தது. ஆனால் அந்த ஜன்னலை வெட்டியவரே ரிக்கில் இருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் பிரேக்காரர் வெட்டிய முதல் ஜன்னல் அது. "வலது பக்கம் சார். கையை வெட்டித் தர்றேன்" என்றார். முதல் தடவை முட்டியது. "வலதுதான் சார், மூக்கைக் கொஞ்சம் மேல தூக்கி வெச்சுப் பாக்கலாம்" என்றார். மறுபடியும் முட்டியது. மூன்றாவது தடவைக்கும் வலது பக்கமே, இன்னும் சற்று மேலே என்று முடிவாகி, பைப் இறங்கிக்கொண்டிருந்தது.

காலையில் திசையம்மா திரைக்கு முன் உட்கார்ந்திருந்தபோது மகள் போன் செய்தாள். ஆள் வளர்ந்து அம்மாவை விட ஒரு சாண் உயரம் போய்விட்டாள், வீட்டில் இன்னும் குட்டி என்றுதான் பெயர்.

"அம்மா, என் ஸ்கூல் சாக்ஸ் ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ண எங்க வெச்சாரு உன் வீட்டுக்காரர்?"

"அப்பாவைக் கேக்கறதுதானே?"

"கேட்டேனே. வலது பக்க டிராயர்னு சொல்லிட்டுப் போனாரு. அதனால நேரா இடது பக்கத்தைத் திறந்தேன், இருந்துச்சு. ஆனா ஒண்ணுதான் இருக்கு."

"பின்னால விழுந்திருக்கும், பாரு" என்று சொல்லிப் போனை வைத்தவள், வைத்த கையை எடுக்கவில்லை.

வீட்டில் அவருடைய வலது இடதுக்குத் தனி அகராதி. எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறாரோ அதன் பக்கத்தில் நின்று பேசுவார். அலமாரி நம்மைப் பார்த்து நிற்கிறது, ஆகவே வலது என்றால் அலமாரியின் வலது. "டாக்டர் வலது கண்ணுன்னா யாரோட வலது? நோயாளியோடதுதானே? அலமாரின்னா மட்டும் உங்களுக்கு இளக்காரமா?" என்று நியாயம் வேறு பேசுவார். முதன்முதலில் அவளைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று சொன்ன அன்று, "கேன்டீனுக்கு இடது பக்கம் நில்லு" என்றார். அவள் ஒரு பக்கம், அவர் கேன்டீனின் இடது பக்கம். வெயில் மண்டையைப் பிளக்க இரண்டு பேரும் நின்று நின்று, ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே திரும்பி, கை கழுவுகிற குழாயடியில் முட்டிக்கொண்டார்கள். கல்யாணமே அந்தச் சண்டையில்தான் முடிவானது.

ரிக்கில் இந்த வியாதி வெளியே தெரிந்ததே இல்லை. இங்கே யாரும் வலது இடது பேச மாட்டார்கள், எல்லாம் டிகிரிக் கணக்கு. இந்த ஒரு ஜன்னலுக்குத்தான் கோப்பு போய், டிகிரி போய், ஒரு மனிதரின் வாயிலிருந்து வந்த வலது மட்டும் மிச்சம் இருந்தது. அது வீட்டு வலதா, ரிக் வலதா என்று அவளுக்கே கேட்கத் தோன்றவில்லையே. தலையில் அடித்துக்கொண்டு எழுந்தாள்.

பிரேக்காரர் பிரேக்கை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, பைப் அடுக்கின் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது. எல்லார் முன்னாலும் இரண்டு தடவை மூக்கறுபட்ட மனிதர். இப்போது பெண்டாட்டியும் வந்து, தப்பு உங்களுடையது என்று சொல்ல வேண்டுமா? அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் கடலை நினைத்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"நீ இப்படி ஆரம்பிச்சா கோவிச்சுக்கற மாதிரிதான் கேப்ப. கேளு."

"அந்த ஜன்னல் வலதுன்னு சொன்னீங்களே, நாம மேலருந்து கீழ பாக்கும்போது வலதா? இல்ல, கிணறு கீழருந்து நம்மளப் பாக்கும்போது வலதா?"

அவர் வாயருகே போன டீ அங்கேயே நின்றது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடி, அங்கேயே மல்லாந்து படுக்கிற மாதிரி பின்னால் சாய்ந்தார். அந்த ஆழத்தில் கிணறு சாய்ந்துதான் போகிறது. மல்லாந்து படுத்த ஆளுக்குப் போலவே அதற்கும் இரண்டு பக்கம் உண்டு. அவர் கை மெல்ல ஒரு பக்கம் உயர்ந்தது. பிறகு கண்ணைத் திறந்து அந்தக் கையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"அடக் கடவுளே" என்றார்.

"கேன்டீன்" என்றாள் அவள்.

"கேன்டீன்தான்" என்றார்.

அவர் பூசி மெழுகுவார், அதற்குள் நாமே கம்பெனிக்காரரிடம் வேறு ஏதாவது காரணம் சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று அவள் மனதுக்குள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். அவரோ ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டார். அவள் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

"சார், நான் சொன்னது கிணத்தோட வலது" என்றார்.

கம்பெனிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "கிணத்துக்கு ஏதுய்யா வலது இடது?"

"கீழருந்து அது நம்மளப் பாக்கும்ல சார், அப்ப அதோட வலது. நமக்கு இடது. தப்பு என்னோடது. கடைசித் தடவையை இடது பக்கம் இறக்கலாம்."

"கையை வெட்டித் தர்றேன்னு சொல்லி ரெண்டு தடவை முட்ட வெச்ச ஆளு நீ."

"வெட்டிக்கங்க சார். இந்தத் தடவை இறக்கினதுக்கப்புறம்."

கம்பெனிக்காரர் திசையம்மா பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க? இவர் சொல்றதை நம்பலாமா?"

"இவர் வலதுன்னு சொன்னா இடதுதான் சார். எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். இருபது வருஷமா பாத்துட்டு இருக்கேன்."

மேலதிகாரி என்றால் சிரிக்கக் கூடாது என்று எங்கோ எழுதியிருக்கிறது போலும். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, சரி என்று கையை மட்டும் அசைத்தார்.

அவள் மேலிருந்தே பைப்பைச் சுற்றவைத்து மூக்கை இடது பக்கம் திருப்பிக் கொடுத்தாள். அவர் பிரேக்கில் உட்கார்ந்தார். பைப் ஜன்னலின் ஆழத்துக்கு வந்ததும் பைப்பின் எடையைக் காட்டும் முள் லேசாக ஆடி, பழைய இடத்துக்கே திரும்பியது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, போன இரண்டு தடவையும் ஆடத்தான் செய்தது. அவர் பைப்பைத் தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பது போல இறக்கினார். அடைப்பு இருக்கும் ஆழம் நெருங்க நெருங்க, அவள் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் தோளைப் பார்த்தாள். முட்டினால் அந்தத் தோளுக்குத்தான் முதலில் தெரியும். அந்தத் தோளோடு இன்னும் ஒரு வருஷம் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது அவளுக்கு.

அடைப்பின் ஆழம் வந்தது. தோள் அசையவில்லை. ஆழம் தாண்டியது, இன்னும் ஒரு பைப் நீளம் தாண்டியது, முள் அப்படியே இருந்தது. அவர் பிரேக்கை இழுத்து நிறுத்திவிட்டு, திரும்பாமலே சொன்னார்.

"உள்ள வந்துட்டோம், திசை."

அவள் திரையில் ஆழத்தை ஒரு தடவை சரிபார்த்தாள். "ம்" என்று மட்டும் சொன்னாள். கம்பெனிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "கை தப்பிச்சுது" என்று சொல்லிப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் பிரேக்காரர் சோபாவில் நீட்டிப் படுத்துவிட்டார். அப்பா ஒரு வருஷம் இங்கேயேதான் என்று கேட்டதும், குட்டி அவர் காலைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு டீ போடுகிறேன் என்று எழுந்து போனாள். அது அந்த வீட்டில் அபூர்வம்.

"சர்க்கரை எங்கப்பா? எல்லாத்தையும் மாத்தி வெச்சிருக்கீங்க."

"மேல்தட்டுல இடது பக்க டப்பா" என்றார் அவர்.

டீ வந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாயில் வைத்தார்கள், ஒரே நேரத்தில் வாஷ்பேசினுக்கு ஓடினார்கள். கல் உப்பு, ஆளுக்கு இரண்டு ஸ்பூன்.

"இடதுன்னு சொன்னீங்க, அதனால வலது டப்பாவை எடுத்தேன்" என்றாள் குட்டி, பரிதாபமாக.

பிரேக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு குற்றவாளி போல நின்றார். "இன்னையிலருந்து உங்க பக்கத்துல இருந்து சொல்லலாம்னு பாத்தேன். இன்னைக்கு வேலையே கெட்டுப் போக இருந்துச்சு இல்ல."

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?" என்று மகள் சண்டைக்கு வந்துவிட்டாள். "நான் பொறந்ததுலருந்து பழகி வெச்சிருக்கேன். அம்மா, நீ சொல்லும்மா."

திசையம்மா மூன்று கிளாஸையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மேல்தட்டைத் திறந்தாள். சர்க்கரை டப்பாவை எடுத்து வலது பக்கம் வைத்தாள், உப்பை இடது பக்கம் தள்ளினாள்.

"இப்ப சொல்லுங்க. சர்க்கரை எந்தப் பக்கம்?"

அவர் அலமாரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"இடது" என்றார்.

"அது" என்றாள் அவள், சர்க்கரையை எடுத்துக்கொண்டே. "இப்படியே இருங்க."