தையல்காரர் வீட்டுக்கு அப்பால் ஆறு கிலோமீட்டர்

லிஃப்ட் மெக்கானிக் பெருநகரத்தில் வேலை பார்த்த பத்து மாதத்தில் அவன் வீட்டுத் தெரு ஆறு கிலோமீட்டர் நீண்டுவிட்டது. முன்பு அதில் மொத்தமே ஒன்பது வீடுகள். எட்டாவது தையல்காரருடையது, நீல கேட் போட்ட ஒன்பதாவதில் அவனுடைய அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். நீண்டதெல்லாம் இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில்தான். நகராட்சிப் பொறியாளர் மூன்று முறை டேப் பிடித்துப் பார்த்தார். மூன்று முறையும் ஒரே அளவு வந்ததால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தெரு என்று இருந்தால் விளக்கு வேண்டும் என்று இருநூறு மீட்டருக்கு ஒரு கம்பம் நட்டார்கள். ஆட்டோக்காரர்களும் முயன்று பார்த்தார்கள். அங்கே மீட்டர் ஓடியது, வண்டி ஓடவில்லை. சிலிண்டர் போடுகிறவர் ஒரு மாதம் தோளில் சுமந்துவிட்டு, ஆளை விடுங்கள் என்று கும்பிடு போட்டுவிட்டார். அதற்குப் பிறகு திங்கள்கிழமைதோறும் அம்மாதான் நடந்து வந்து, வாரத்துக்கு வேண்டியதை இரண்டு பைகளில் தூக்கிப் போனாள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரான அப்பா, முட்டிவலியோடு கேட்டுக்கு உள்ளேயே இருந்தார். முடிவெட்டுபவர் அவ்வளவு தூரம் நடக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், துணி வெட்டும் கத்தரியால் அம்மாவே அவருக்கு முடி வெட்டிவிட்டாள்.

இதெல்லாம் விடுமுறைக்கு ஊர் வந்து இறங்கிய அன்று காலையில்தான் லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரிந்தது. போனில் அம்மா மூச்சு விடவில்லை. தையல்காரர் கழுத்தில் டேப்போடு வாசலுக்கு வந்து, ஜாக்கெட் தைக்கும் கூலி சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"சனிக்கிழமை வர முடியல, லிஃப்ட் நின்னுபோச்சுன்னு போன் பண்ணுவியே தம்பி, நீ போனை வச்சதும் இருநூறு மீட்டர் போயிடும். முதல் தடவை மட்டும் அசையல. அது நிஜம் போலிருக்கு."

அது நிஜம்தான். ஓர் ஆஸ்பத்திரியில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் மாட்டிக்கொண்டு, அவன் நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினான். அம்மா அந்தக் காரணத்தை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டதுதான் அவனைக் கெடுத்தது. அடுத்த வாரம் தூங்க வேண்டும்போல இருந்தது. அதற்கடுத்த வாரம் அறை நண்பர்களோடு சினிமா. புதன்கிழமை "வர்றேம்மா" என்று வாய் நிறையச் சொல்லுவான். சனிக்கிழமை ஒரு லிஃப்டை நிறுத்திவிடுவான். இப்படி முப்பது முறை. அந்த நகரத்தில் தானாக நின்ற லிஃப்டுகளைவிட இவன் வாயால் நின்றவைதான் அதிகம். அம்மா வெள்ளந்தி, நம்பிவிடுவாள் என்று நினைத்திருந்தான். அவன் பொய்களைத் தெருவே அளந்து வைத்திருக்கிறது. தையல்காரர் முகத்தைப் பார்க்கக் கூசியது. அப்பாவின் முட்டிக்கு வாங்கிய உறையும் அம்மாவுக்கு வாங்கிய செருப்பும் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான்.

நிழல் இல்லாத நேர்த்தெரு. இந்தக் கம்பம் தூக்கம், இது சினிமா, இது காரணமே இல்லாமல் சும்மா. ஒன்பதாவது கம்பத்தில் நின்றான். அப்பாவை முட்டி டாக்டரிடம் கூட்டிப் போக நாள் குறித்திருந்த வாரம் அது. அன்று அவன் நகரத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மனுஷனே இல்லை என்று வாய்விட்டுச் சொன்னான். கேட்க அங்கே யாரும் இல்லை.

பதினாறாவது கம்பத்தடியில், பாதி வழியில், அம்மா குடை பிடித்தபடி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் கேரியர். இளைத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து, அவனைத்தான் இளைத்துவிட்டான் என்றாள்.

"அம்மா, முதல் தடவைக்கு அப்புறம் லிஃப்ட் எதுவும் நிக்கல. நான்தான் பொய் சொன்னேன்."

சொல்லிவிட்டுத் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த நீல கேட்டைப் பார்த்தான். அது ஓர் அடிகூடக் கிட்டே வரவில்லை.

"தெரியும்டா. உக்காந்து சாப்பிடு," என்று கேரியரைத் திறந்தாள்.

உட்காரும்போதுதான் ஸ்டூலைக் கவனித்தான். சிவப்பு ஸ்டூல் வெயிலில் வெளுத்து ரோஸாகியிருந்தது. ஒரு நாளில் அப்படி வெளுக்காது. சங்கிலி போட்டுக் கம்பத்தோடு பூட்டியும் இருந்தது. இதற்கு மேல் அவள் வந்தால் தையல்காரர் வீட்டிலிருந்து பார்ப்பார்கள். பிள்ளை வரவில்லை என்று திரும்பிப் போவது தெரிந்துவிடும். அவன் போன் பண்ணிய சனிக்கிழமைகளில் அவள் இங்கே இருந்திருந்தால், அவன் போனை வைத்ததும் அவள் திரும்பி நடக்க வேண்டிய தூரம் கூடியிருக்கும். கையில் எடுத்த சோற்றைத் திரும்ப வைத்தான்.

"ஒவ்வொரு வாரமும் இங்க வந்து காத்திருந்தியாம்மா?"

அம்மா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு வேற வேலை இல்லையா? இன்னிக்குத்தான் வந்தேன்."

தூரத்தில் நீல கேட், தூசி கிளப்பாமல், சத்தமில்லாமல் இருநூறு மீட்டர் பின்னால் போயிற்று. இருவரும் பார்த்தார்கள். அம்மா பாட்டிலை அவனிடம் நீட்டினாள். அவன் குடித்தான். அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார், சீக்கிரம் சாப்பிடு என்றாள். சாப்பிட்டு முடித்ததும் கேரியரை அவன் வாங்கிக்கொள்ள, அந்த இருநூறு மீட்டரையும் சேர்த்து நடந்தார்கள்.