இடது கைப்பிடி

"நான் புடிச்சிக்கிறேன்" என்று சொல்லாமல் என் கணவர் லோகேஸ்வரனுக்குப் பொழுது போகாது. குடையைப் பிடிப்பார், பையைப் பிடிப்பார், நான் கதவுக்கு நாலடி தள்ளி வரும்போதே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நல்ல மனிதர்தான். அந்த நல்லதனம்தான் எனக்கு ஆகவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழையில் என் மோட்டார் சைக்கிள் சறுக்கி, தோள் நரம்பு இழுபட்டு, இடது கை தோளிலிருந்து சும்மா தொங்க ஆரம்பித்ததிலிருந்து வீடு முழுக்க இந்தப் பிடிக்கிற வேலைதான் நடக்கிறது. உணர்வு திரும்பி வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நான் 'வரலாம்' என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எனக்கு இருந்த ஒரே பைத்தியம் விமானம். நிஜ விமானம் இல்லை, பால்சா மரத்தில் நாமே செய்கிற குட்டி விமானம். எஞ்சின் கிடையாது, பேட்டரி கிடையாது. மூக்குக்கு அடியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். ஒரு குச்சியின் நுனியில் ரப்பர் வளையம் கட்டி, அதை அந்தக் கொக்கியில் மாட்டி, ஒரு கையால் குச்சியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் விமானத்தின் வாலை இழுத்து விட வேண்டும். விர்ரென்று மேலே போகும். போன வேகம் தீர்ந்ததும் சாய்ந்து, வட்டம் போட்டு, மெதுவாக இறங்கும். யாருடையது அதிக நேரம் மேலே நிற்கிறதோ அவருக்குக் கோப்பை. பாயான் பாரு பக்கம் நான் வேலை செய்கிற ஃபேக்டரியில் யாரோ கூப்பிட்டார்கள் என்று வேடிக்கை பார்க்கப் போனவள், அடுத்த மாதமே மன்றத்தில் சேர்ந்துவிட்டேன்.

ஒரு கை, மறு கை என்று சொன்னேன் பாருங்கள். வினையே அங்கேதான்.

இந்த வருஷப் போட்டிக்குப் பெயர் கொடுக்க மன்றச் செயலாளர் ஷேக் அலாவுதீன் அண்ணனின் கடைக்குப் போனேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஆணி, பூட்டு, கயிறு விற்கிற கடை. அவர் என் கையைப் பார்க்காமல் பார்த்துவிட்டு, கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

"இந்த வருஷம் நீ நடுவரா உக்காந்துக்க தங்கச்சி. குடை போட்டு, நாற்காலி போட்டு, தே ஓ ஐஸ் எல்லாம் வாங்கித் தரச் சொல்றேன் லா."

"நான் என்ன கல்யாண வீட்டுப் பெரிய மனுஷியா அண்ணே, நாற்காலியில உக்காந்து தேத்தண்ணி குடிக்க? பேரை எழுதுங்க."

"எழுதுறேன். யாரு இழுத்து விடறது? ரூலு தெரியும்ல? பறக்க விடறவங்களே இழுக்கணும், அவங்களே விடணும். வேற கை பட்டா அந்த ரவுண்டு போச்சு."

"தெரியும் லா. நான்தான் இழுக்கப் போறேன்."

எப்படி என்று எனக்கே தெரியாது. வாயைக் கொடுத்தாகிவிட்டது, இனிமேல் செய்துதான் ஆக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

குச்சிக்குப் பதிலாகக் கையில் பிடிக்கிற ஒரு லாஞ்சர் செய்யலாம் என்று யோசித்தேன். ஒரு முழத்தைவிடக் கொஞ்சம் நீளமான பலகை. முன் நுனியில் ரப்பர். பலகையின் நடுவே ஒரு நீளப் பள்ளம், அதில் முன்னும் பின்னும் ஓடுகிற ஒரு மரத்துண்டு. துண்டின் தலையில் துணிக்கு மாட்டுகிற கிளிப்பு. விமானத்தின் வாலை அந்தக் கிளிப்பு கவ்விக்கொள்ளும். துண்டைப் பின்னால் இழுத்தால் ரப்பர் நீண்டு, கடைசியில் ஒரு வெட்டில் போய் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் பின்பக்கக் கைப்பிடியை வலது கையால் பிடித்து, கட்டை விரலால் கிளிப்பை அமுக்கினால் போதும், விமானம் போய்விடும். விடுவதற்கு ஒரே கை. காகிதத்தில் பார்க்கப் பிரமாதமாக இருந்தது.

பள்ளி வேன் ஓட்டுகிற என் கணவர், இரண்டு ஓட்டத்துக்கு நடுவே வீட்டுக்கு வந்து பலகையைப் பிடித்துக்கொள்வார். நான் அறுப்பேன், துளை போடுவேன், உரசுவேன். கிளிப்பு வழுக்கினால் அதன் வாயில் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டினேன். பூட்டுகிற வெட்டு தேய்ந்தால் தகரம் அடித்தேன். எதற்கும் அவர் ஒரு குறை சொன்னதில்லை. பலகையின் முன்பக்கத்தில் நான் இரண்டாவதாக ஒரு கைப்பிடி வைத்தபோதும் பலகையை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

அந்த இரண்டாவது கைப்பிடி இடது கைக்கு. மற்ற எல்லாவற்றையும்விட அதற்குத்தான் மெனக்கெட்டேன். மேசையில் இடது கையைக் கிடத்தி, விரல் விரலாகப் பென்சிலால் வரைந்து, அந்த அளவுக்கே மரத்தைக் குடைந்து, உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்து வைத்தேன். வலது கை துண்டைப் பின்னால் இழுக்கும்போது, இடது கை முன்னால் பலகையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் இல்லையா? போட்டி நாளுக்குள் கைக்கு உணர்வு வந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

பிளாட்டுக்குப் பக்கத்துத் திடலில் முதல் தடவை விட்டுப் பார்த்தோம். இடது கைப்பிடியை அவர் பிடித்துக்கொண்டார், நான் இழுத்தேன், அமுக்கினேன். விமானம் நாலாவது மாடி உயரத்துக்குப் போய் வட்டம் போட்டது. அவர் குதித்தார்.

"அலாமாக்! பாத்தியா பிரமிளா, வேலை செய்யுது!"

"நீங்க புடிச்சீங்க. அதனால செய்யுது."

"அதனால என்ன ம்மா? கை வர வரைக்கும்தானே?"

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, நான் நினைத்ததையேதான் அவரும் சொன்னார். அதற்காகவே அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

போட்டி வாரத்தில் அலாவுதீன் அண்ணன் புது ரப்பர் கொண்டுவந்து கொடுக்க வீட்டுக்கு வந்தார். லாஞ்சரைத் தூக்கிப் பார்த்தார். கிளிப்பை அமுக்கி அமுக்கிச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். "பலே தங்கச்சி, கெட்டிக்காரி நீ" என்றார். அப்புறம் அவருடைய விரல்கள் முன் கைப்பிடியில் போய் உட்கார்ந்தன.

"இது யாரு புடிக்க?"

"என் இடது கை."

அவர் என்னைப் பார்த்தார். என் கணவர் ஜன்னலைப் பார்த்தார். எனக்கு வந்ததே கோபம்!

"என்ன ரெண்டு பேரும் செத்த வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க? ரப்பரை வெச்சிட்டுக் கிளம்புங்க அண்ணே."

பாவம், செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் போனார்.

மறுநாள் காலை கணவர் வேனை எடுத்துக்கொண்டு போன பிறகு, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு லாஞ்சரோடு உட்கார்ந்தேன். வலது கையால் இடது கையைத் தூக்கி அந்தக் கைப்பிடியில் வைத்தேன். நான் வரைந்த பள்ளத்தில் விரல்கள் அத்தனை பொருத்தமாக உட்கார்ந்தன. பிடி என்றேன். வாய்விட்டே சொன்னேன். "புடிடி!" கை வழுக்கி மேசையில் விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது. தலைமுடிக்குப் போடுகிற ரப்பரால் கட்டிப் பார்த்தேன். துண்டை இழுத்ததும் பலகையும் கூடவே வந்தது, கையும் பலகையோடு வந்தது. அழுதேன். இந்த இரண்டு வருஷத்தில் மருத்துவமனையில் அழவில்லை, கைப் பயிற்சியில் வலித்தபோது அழவில்லை, ஃபேக்டரியில் என்னைப் பழைய இடத்திலிருந்து மாற்றி ஸ்டிக்கர் ஒட்டுகிற மேசையில் உட்கார வைத்தபோதும் அழவில்லை. ஒரு மரக் கைப்பிடிக்காக மூக்கு ஒழுக அழுதேன்.

அழுகை அடங்கியதும் ரம்பத்தை எடுத்தேன்.

இருக்கிற ஆத்திரத்தில் பலகையைச் சமையலறைப் படியில் போட்டு அறுக்க ஆரம்பித்தால், அது இந்தப் பக்கம் ஆடுகிறது, அந்தப் பக்கம் ஆடுகிறது. பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. சனியனே என்று அதன்மேல் காலை வைத்து மிதித்துக்கொண்டு அறுத்தேன். ஒழுங்காக அறுபட்டது. கைப்பிடி கழன்று அடுப்புக்கு அடியில் இருந்த எரிவாயுத் தோம்புக்குப் பின்னால் உருண்டுபோனது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு குனிந்து நின்றேன். என் பாதம் இன்னும் பலகையின் மேல்தான் இருந்தது. பலகை அசையவில்லை.

ரப்பரைக் கிளிப்பில் மாட்டி, வலது கையால் மரத்துண்டைப் பின்னால் இழுத்துப் பார்த்தேன். ரப்பர் நீண்டது. டக்.

"அடிப்பாவி" என்று என்னையே திட்டிக்கொண்டேன். ரெண்டு வருஷமா இந்தக் கால் ரெண்டும் உன்னோடதானேடி இருந்துச்சு!

உடைந்த வாளியிலிருந்து வளைந்த கம்பிப் பிடியைக் கழற்றி, லாஞ்சரின் முன் நுனியில், விமானம் போகிற வழிக்குக் கீழே, திருகாணி போட்டு முடுக்கினேன். நுனியைத் தரையில் ஊன்றி, அந்த வளையத்துக்குள் பாதத்தை நுழைத்து மிதித்துக்கொண்டு, ஒரே கையால் மேலே இழுக்க வேண்டும். பூட்டியதும் காலை எடுத்துவிட்டு, லாஞ்சரைத் தூக்கி, வானத்தைப் பார்த்து அமுக்க வேண்டும். முதல் தடவை முழங்கால் இடித்து இறக்கை முறிந்தது. இன்னொரு விமானத்தை எடுத்தேன், அதுவும் முறிந்தது. பாதத்தைத் திருப்பி வைத்து, உடம்பைச் சாய்த்துப் பழகினேன். மத்தியானத்துக்குள் இடுப்பு விட்டுப்போனது, ஆனால் இறக்கை முறியவில்லை.

கணவர் வந்து, அறுத்த இடத்தைப் பார்த்து நின்றார்.

"ஏன் ம்மா வெட்டிட்ட?"

"கை வராதுங்க."

அதை நான் சொல்லிக் கேட்பது அவருக்கும் முதல் தடவை, எனக்கும் முதல் தடவை. அவர் படியில் உட்கார்ந்துகொண்டார். நான் நுனியைத் தரையில் ஊன்றினேன். "நான் புடிச்—" என்று எழுந்தவர், தானாகவே மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடலோரத் திடலான பாடாங் கோத்தாவில் போட்டி. கடல் காற்று கிளம்புமுன் ஆரம்பித்துவிட வேண்டும் என்று எல்லாரும் சீக்கிரமே கூடிவிட்டார்கள். ஆளுக்கு மூன்று ரவுண்டு, மூன்று நேரத்தையும் கூட்டுவார்கள். எங்கள் மன்றத்தில் ஆள் குறைவு, அதனால் அவரவரோடு வந்தவர் கையில்தான் நிறுத்துக் கடிகாரம். சொன்ன நேரத்தை யாரும் சந்தேகப்பட மாட்டோம். என் கடிகாரம் என் கணவர் கையில் இருந்தது.

நான் செருப்பைக் கழற்றி வாளிப் பிடிக்குள் காலை விட்டதும் ஒருவர் குரல் கொடுத்தார். "கால் வெக்கலாமா, செயலாளரே?"

அலாவுதீன் அண்ணன் தாடியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வேற கை படக்கூடாதுன்னுதானே ரூலு?" என்றேன். "இது என் கால்."

"விடச் சொல்லு லா" என்றார் அவர்.

முதல் ரவுண்டில் அவசரப்பட்டுவிட்டேன். லாஞ்சரைச் சரியாகத் தூக்குமுன் விரல் அமுங்கி, விமானம் நேரே போய்ப் புல்லில் குத்தியது. கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். என் கணவர் ஓர் அடி முன்னால் வைத்தார்.

"நகந்தீங்கன்னா அப்புறம் தெரியும் சேதி" என்றேன். நின்றுவிட்டார். நானே போய் எடுத்து, மூக்கை நிமிர்த்தி, வந்து மறுபடி காலை விட்டேன்.

இரண்டாவது ரவுண்டு. இழுத்தேன், பூட்டியது, தூக்கினேன், காற்று முகத்தில் படுகிறவரை பொறுத்தேன், அமுக்கினேன். ஐயோ, அது போன போக்கு! மரங்களைத் தாண்டி ஏறியது, சாய்ந்தது, கடல் பக்கம் போய் எல்லாரையும் பதற வைத்துத் திரும்பி வந்தது. வட்டத்துக்கு மேல் வட்டம். எங்கள் மன்றத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அது புல்லில் உட்கார்ந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள்.

"நேரம்?" என்றார் அலாவுதீன் அண்ணன், பேனாவோடு.

என் கணவர் கையிலிருந்த கடிகாரத்தைக் குனிந்து பார்த்தார். கன்னமெல்லாம் ஈரம்.

"அமுக்கலையே" என்றார். "நீ இழுக்கிறதைப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன், பிரமிளா. அமுக்கவே மறந்துட்டேன்."

அலாவுதீன் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாரும்தான் பாத்தோம், ஒரு நிமிஷத்துக்கு மேலயே இருக்கும். அப்படியே போட்டுடலாம் லா, யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க" என்றார். கூட்டமும் தலையாட்டியது.

"வேணாம் அண்ணே. முட்டை போடுங்க."

"என்னாலதான் ம்மா" என்றார் என் கணவர். "உன் கோப்பையே போச்சு."

நான் அவரை ஏசுவேன் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். கோபம் வரவில்லை. முன்பெல்லாம் ஒரு தடவை பறக்கவிட அவரைக் கூப்பிட வேண்டும், அவர் வேன் திரும்ப வேண்டும், அவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படிக் கிடைத்த ஒன்று வீணாகியிருந்தால் அங்கேயே அவரைக் கிழித்திருப்பேன். இப்போது எனக்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. போய் விமானத்தை எடுத்து வந்தேன். வாலைக் கிளிப்பில் கொடுத்தேன், கொக்கியில் ரப்பரை மாட்டினேன், பாதத்தை நுழைத்தேன்.

"கண்ணைத் தொடைச்சிக்கிட்டுக் கடிகாரத்தைப் புடிங்க" என்றேன். "நீங்க எத்தன தடவ மறந்தாலும் சரி, நான் இழுத்துக்குவேன்."

இழுத்தேன்.