மாப்பிள்ளை அழைப்பில் ஒரு சோகப் பாட்டு

ஓரிக்கை எஸ்தர் கிட்டார் மீட்டி, ‘கண்ட்ரி’ என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணியில் தமிழ்ப் பாடல்கள் பாடுகிறவள். அவளுடைய முதல் ஆல்பம் ‘பாலாற்றுப் பாலம்’ இணையத்தில் வெளியாகி மாதக்கணக்கில் ஆகியும் கேட்பாரில்லை. அதன் தலைப்புப் பாடல், வீட்டை நினைத்து ஏங்கும் ஒரு லாரி ஓட்டுநரின் சோகம்.

“பாட்டுக்கு முழுக்கு போட்டுடப் போறியாக்கா?” என்றான் பைக்கை ஓட்டிக்கொண்டிருந்த தம்பி ஜோசுவா. ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்தவன் அவன்தான்.

“கேக்க ஆளில்லாம யாருக்குடா பாடறது?”

காந்தி ரோட்டில் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் வழியை மறித்தது. பேண்டு செட்டுக்காரர்கள் ஊரே முணுமுணுக்கிற பாட்டைத்தான் வாசிப்பார்கள். டிரம்பெட் எடுத்த எடுப்பிலேயே எஸ்தருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய மெட்டு! அவள் கண்கலங்கப் பாடியதை இவர்கள் குத்துப்பாட்டாக்கியிருந்தார்கள். பட்டுப்புடவை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் மாப்பிள்ளையின் அத்தைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

எஸ்தர் இறங்கி ஓடினாள். “அண்ணா, இந்தப் பாட்டு உங்களுக்கு எப்டித் தெரியும்?”

“மாப்ள லாரி ஓட்றாரும்மா,” என்றார் டிரம்பெட்காரர். “யாரோ பென் டிரைவ்ல ஏத்திக் குடுத்து, லாரி ஸ்டாண்டு முழுக்க இதான் ஓடிக்கினு இருக்குது. எத்தினி தபா வாசிச்சாலும் விடமாட்டேன்றாங்க. பாடுன பொண்ணுதான் ரொம்ப இழுக்குது. நான்தான் கொஞ்சம் உசுரு குடுத்தேன்.”

பின்னால் வந்த ஜோசுவா விழுந்து விழுந்து சிரித்தான்.

“அந்தப் பொண்ணோட அடுத்த ஆல்பம் எப்ப வருதாம், உனக்குத் தெரியுமா?” என்று எஸ்தரைக் கேட்டார் டிரம்பெட்காரர்.

“சீக்கிரமே வரும்ணா,” என்று சொல்லிவிட்டு, எஸ்தர் அத்தைகளுக்கு நடுவே புகுந்து ஆடத் தொடங்கினாள்.