பொம்மை கார்டு

லேப்டாப் திரையில் பச்சைக் கோடு துள்ளிக்கொண்டிருந்தது. அவர் பேசும் இடத்தில் ஏறியது, மூச்சு வாங்கும் இடத்தில் படுத்தது. குரல் மட்டும் வரவில்லை.

என் கணவர் வேதியியல் ஆசிரியர். படுக்கையில் விழுந்த பிறகும் மாணவர்களுக்காகப் பாடங்களைப் பதிவு செய்தார். நான் மருந்துக்கடைக்குப் போயிருந்தபோது பேசியது கடைசிப் பாடம். அதை நான் கேட்டதில்லை. அவருடைய மென்பொருளைத் தவிர வேறெதிலும் அது திறக்கவுமில்லை.

லேப்டாப்பின் ஸ்பீக்கரும் இயர்போன் துளையும் செத்துப் பல காலம். அதனால்தான் பக்கவாட்டில் செருகும் சவுண்டு கார்டு ஒன்றை வாங்கியிருந்தார்.

"கார்டு உள்ளதான் இருக்கு அண்ணி," என்றான் கொழுந்தன். "அதோட டிரைவர் சாஃப்ட்வேரையும் மாத்திப் பாத்துட்டேன். இனி எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேர்ந்து போடணும்."

"அழிச்சா உங்க அண்ணன் பாடமும் போயிடுமே."

"அண்ணன் பாடத்துல நான் எப்பவுமே ஃபெயில்தான்."

வாசலோரம் நாற்காலியில் இருந்த அத்தை சிரிக்கவில்லை. மகன் போனதிலிருந்து அவர் கதவை உள்ளே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார். குப்பை கொட்டப் போகவும் நான் கேட்டு நிற்க வேண்டும். "வெளியே உனக்கு என்ன வச்சிருக்கு?" என்பார். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கார்டை வெளியே இழுத்தேன். காகிதம் போல் லேசாக வந்தது. முனையில் உலோகப் பற்கள் இல்லை, வெறும் பிளாஸ்டிக்.

கொழுந்தனின் முகம் தொங்கிவிட்டது. "அது கார்டு இல்லாதப்போ ஓட்டையை அடைக்கிற பொம்மை அண்ணி. சாமான் ஒதுக்கினப்போ கார்டு உடைஞ்சிடக் கூடாதுன்னு நான்தான் மாத்தி வச்சேன். சுத்தமா மறந்துட்டேன்."

அண்ணனின் மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து அசல் கார்டை எடுத்து வந்தான்.

"கெட்டிக்காரன்டா நீ," என்றார் அத்தை.

கார்டில் இயர்போனுக்கு ஒரே துளை. ஒரு முனை என் காதில், மறுமுனை அத்தையின் காதில். கம்பி குட்டையாக இருந்ததால் தோளோடு தோள் ஒட்டி உட்கார வேண்டியிருந்தது.

அமிலம், காரம் என்று தொடங்கிய குரல் நடுவில் நின்றது. பிறகு சற்றுத் தள்ளி, வேறு யாரிடமோ பேசுவது போல ஒலித்தது: "அம்மா, கதவை உள்ள பூட்டிடாதே. அவ சாவி எடுத்துட்டுப் போகல."

அத்தையின் கை இடுப்புக்குப் போனது.

"நான் எங்கடா பூட்டினேன்," என்றார், திரையைப் பார்த்து.

எழுந்திருக்கப் பார்த்தேன். கம்பி இழுத்தது.

"இரும்மா," என்றார். "இன்னொரு தடவை போடு."